காயாத படத்தை மாட்டக் கூடாது

எண்ணெய் வண்ணத்தில் படம் வரைகிறவளுக்கு இரண்டு காத்திருப்புகள் உண்டு: படம் காய்வதற்கு ஒன்று, பார்க்க வந்தவர்கள் பேசி ஓய்வதற்கு ஒன்று, முதலாவது ஆறு மாதத்தில் முடிந்துவிடும்.

நாற்பது வருடமாக ராஜபாளையத்தில் இந்தத் தொழில் செய்கிறேன். கல்லூரியில் இலக்கியம் படித்தவள் ஏன் தூரிகை பிடித்தாள் என்று கேட்காதீர்கள். கவிதை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், படம் வரைந்தால் நின்றாவது பார்ப்பார்கள் என்று நம்பிய வயது அது. பார்த்தார்கள். பார்த்துவிட்டு வாயையும் திறந்தார்கள். கைவேலை ஒன்றை நம்பிக் காலம் தள்ளுகிற உங்களுக்கு அதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் இதே அடி விழுந்திருக்கும், இடம்தான் வேறாக இருக்கும்.

மலை

என் மொட்டைமாடியிலிருந்து மேற்கே பார்த்தால் மலை. காலையில் சாம்பல், பத்து மணிக்கு மேல் நீலம், மழைக்கு முந்தைய அரைமணி நேரம் மட்டும் கத்தரிப்பூ நிறம். அந்த அரைமணி நேரத்துக்காக மூன்று மழைக்காலம் மாடியில் நின்றேன். ஒவ்வொரு தடவையும் நான் நிறத்தைக் குழைத்து முடிப்பதற்குள் மழை வந்துவிடும். “உங்களுக்குக் கற்பனை எங்கிருந்து வருது?” என்று கேட்பவர்களுக்கு நான் அந்த மலையைத்தான் காட்டுவேன். அவர்கள் மலையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

பக்கத்து மாடியில் வற்றல் காயப்போட வரும் சண்முகத்தாய் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாவது வருடம் கைப்பிடிச் சுவரோரம் வந்து என் கேன்வாஸை எட்டிப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி மலையைப் பார்த்தாள். பிறகு, நோயாளியிடம் பேசும் குரலில் சொன்னாள்:

“யக்கா, அதுதான் அங்கனயே நிக்குதுல்ல. யாரும் தூக்கிட்டுப் போயிரப் போறாகளா? இதுக்குப் போயி எம்புட்டு நாளா வெயில்ல வத்தலாக் காயுதீக!”

நாய்

மில் முதலாளி ஒருவர், காலமான தன் அப்பாவை அவர் வளர்த்த நாயோடு சேர்த்து வரையச் சொன்னார். அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதுவும் கல்யாணப் பந்தலில் எடுத்தது. பாதி முகத்தைத் தூண் மறைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியை நான் யூகித்துக்கொள்ள வேண்டும். நாய்க்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதன் கொள்ளுப்பேரனைக் காரில் வைத்து அழைத்து வந்தார்கள். நம் ராஜபாளையம் நாயை வெள்ளை என்கிறோமே, அது வெள்ளையே அல்ல. சங்கின் உட்பக்கம் போல ஒரு நிறம். அதைப் பிடிக்க எனக்கு எட்டு நாள் ஆயிற்று. இத்தனை வருடத்தில் என் முன்னால் உட்கார்ந்தவர்களில் “முடிஞ்சிருச்சா?” என்று கேட்காதது அந்த ஜீவன் ஒன்றுதான்.

படத்தைப் பார்த்ததும் முதலாளிக்குக் கண் கலங்கியது. நானும் கலங்கிப்போய், நாற்பது வருட உழைப்பு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

“நாய் அப்படியே உசுரோட இருக்கு மேடம். அப்பாவையும் கொஞ்சம் அக்கறையா வரைஞ்சிருக்கலாம்.”

நெற்றி

எனக்கு வருகிற வேலையில் பத்துக்கு ஒன்பது, இறந்தவர்கள்தான். உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செல்போன் போதும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் அண்ணன் தங்கை வந்தார்கள். அம்மாவுக்கு முதல் வருடத் திதி, அதற்குள் படம் வேண்டும் என்றார்கள். வரைந்து கொடுத்தேன். கொடுக்கும்போது எல்லோரிடமும் சொல்கிற வாசகத்தை அவர்களிடமும் சொன்னேன்: “மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம். ஆறு மாதம் சுவரில் சாய்த்து வையுங்கள். காயாத படத்தை மாட்டக் கூடாது. கைபடக் கூடாது.” இரண்டு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

திதியன்று மாட்டினார்கள். மாலை போட்டார்கள். கண்ணாடி போட்ட போட்டோவுக்கு வைக்கிற பழக்கத்தில் சந்தனத்தைக் குழைத்து, குங்குமம் சேர்த்து, அம்மாவின் நெற்றியில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டும் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து, சந்தனம் வெடித்து நிற்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். சந்தனத்தோடு நெற்றியும் வந்துவிட்டது. படத்தைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். ‘சொன்னேனே’ என்று நான் ஆரம்பிப்பதற்குள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்:

“கோவிச்சுக்கிடாதீங்கம்மா. பொட்டில்லாம எங்கம்மா ஒருநாள் வாசல் தாண்டுனதில்ல. கையி தானாப் போயிருச்சு.”

நெற்றியை மறுபடி வரைந்து, பொட்டையும் நானே வைத்துக் கொடுத்தேன்.

வாய்

இனி என் சொந்தப் படம். நான் எனக்காக வரைகிற ஒரே முகம் என் அக்கா பேச்சியம்மாளுடையது. முப்பது வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவள். அங்கே அவள் நூல் சுற்றியதால்தான் இங்கே நான் காப்பியங்களைப் புரட்ட முடிந்தது. கல்யாணம் என்ற ஒன்றை அவள் ஞாபகப்படுத்திக்கொள்வதற்குள் வயது ஐம்பதாகிவிட்டது. என்னோடுதான் இருக்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன் அவளைக் காலை நீட்டி உட்காரவைத்து, கையில் கடலையையும் முறத்தையும் கொடுத்து, வரைய ஆரம்பித்தேன். நான் நிழலைப் பிடிப்பதற்குள் கடலை உரித்து முடித்துவிடுவாள். மூன்று சாக்குக் கடலையில் புடவை முடிந்தது. இன்னும் இரண்டில் கை, கண், மூக்கு.

வாய்க்கு வந்தபோது எழுந்துவிட்டாள். இந்த வீட்டில் முகம் வரைந்து முடித்தால் ஆள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருப்பார் என்பது அவள் கண்ட உண்மை. அந்த வரிசையில் தன்னைச் சேர்க்க நான் அவசரப்படுகிறேன் என்பது அவள் கட்சி. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உலகத்தில் எந்த ஓவியனும் அக்காவைக் கொன்றதில்லை என்றேன். முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

“ஏட்டி, வாயத் தவிர எல்லாத்தையும் வரைஞ்சுக்க. அதையும் முடிச்சிட்டேன்னா, பொறவு உன்ன யாரு வைவா?”

முன்யோசனை

இந்த வருடம் தை மாதம் அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சென்னையிலிருந்து எங்கள் தம்பி மகன் கணேசன் ஓடி வந்தான். நல்ல பையன், எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுகிற உத்தியோகம் அவனுக்கு. அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்த அன்று, என் அறையில் ஸ்டாண்டில் இருந்த படத்தை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான், பக்கத்தில் போய்ப் பார்த்தான். ஐந்து வருட வேலையை ஒருவன் இப்படிப் பார்க்கிறானே என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். என் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினான்:

“வாய் மட்டுந்தான அத்தை பாக்கி? அதையும் முடிச்சு வச்சிருங்க. பெரியத்தைக்கு ஒண்ணுன்னா அந்த நேரத்துல போட்டோ தேடி அலைய முடியாது பாருங்க.”

பொட்டு

அவன் ஊருக்குப் போனதும் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். படித்தவள்தான். வண்ணத்துக்கும் உயிருக்கும் சம்பந்தமில்லை என்று மேடையேறிப் பேசத் தெரிந்தவள்தான். ஆனாலும் அந்த வாயைத் தொடும் துணிவு எனக்கு இல்லை. மலை, பூசணிப்பூ, பூட்டிய கதவு என்று கண்டதையும் வரைந்துகொண்டிருந்தேன். பத்தாம் நாள் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். கேன்வாஸின் முதுகைப் பார்த்தாள். “என்னைய எதுக்குட்டி செவுத்தப் பாத்து நிறுத்தியிருக்க? பள்ளிக்கூடத்துல தப்பு பண்ண பிள்ளையா நானு?” என்றாள். நான் தூரிகையைத் துடைக்க ஆரம்பித்தேன். “கணேசன் சொன்னது என் காதுல விழுந்துச்சு. ஆஸ்பத்திரிக்காரன் நெஞ்சத்தான் பாத்தான், காதப் பாக்கல. திருப்பு படத்த.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடலை கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் வரைந்தேன். எழுபத்தெட்டு வருடத்தில் அக்கா ஒரு மணி நேரம் வாயை மூடியிருந்தது அன்றுதான். மேலுதடு முடிந்தது. கீழுதடும் முடிந்தது. இடது ஓரத்தில், என்னை வையப்போகும் முன் ஏறுமே அந்தச் சின்ன மடிப்பு, அதுவும் வந்துவிட்டது. அக்கா எழுந்து வந்து சற்று நேரம் பார்த்தாள். “காய எம்புட்டு நாளாகும்?” என்றாள். ஆறு மாதம் என்றேன். என் வண்ணத்தட்டில் இருந்த சிவப்பை மோதிரவிரலால் தொட்டு, நான் தடுப்பதற்குள், படத்தின் நெற்றி நடுவில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். விரல்ரேகை அதில் தெளிவாக விழுந்தது. விரலை என் முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“அவன் வந்து வைக்கிற செரமம் வேண்டாம், நானே வச்சிட்டேன். ஆனா காயாத படத்த மாட்டக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் நீதான சொல்லுத? காயட்டும். காஞ்ச பொறவு போறதப் பத்திப் பாத்துக்கிடலாம்.”

ஆறு மாதம் போய் ஏழாவதும் நடக்கிறது, படம் இன்னும் காயவில்லை. அக்கா மதியம் கண்ணயரும்போதெல்லாம் அந்த வாயின் மேல் நான் எண்ணெய் தாராளமாகக் கலந்து இன்னொரு பூச்சு கொடுத்துவிட்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்று போனில் கேட்கிற கணேசனிடம், எண்ணெய் வண்ணத்தின் குணமே அப்படித்தான், நம் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.