முன்னால் ஒரு படகு வேண்டும்

லொரெய்ன் சடோவ்ஸ்கி பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். வாரநாளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆமை வேகத்தில் ஊர்வலம் போகும் அதே கை, கோடைக்கால ஞாயிறுகளில் மனாஸ்குவான் முகத்துவாரத்துக்கு வெளியே பந்தயப் படகின் வேகப்பிடியைப் பிடித்திருக்கும். பக்கத்து இருக்கையில் சுக்கானோடு அவள் கணவன் ஹாங்க். கடல் பந்தயத்தில் ஒருவர் திருப்ப வேண்டும், இன்னொருவர் வேகத்தைப் பார்க்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் இந்த வேலைக்குச் சேர்ந்தால் முதல் வருடமே விவாகரத்து என்பார்கள் படகுத்துறையில். இவர்கள் இருபது வருடத்தை ஓட்டிவிட்டார்கள்.

இவர்களுடையது மணிக்கு எழுபத்தைந்து மைல் வேகப் பிரிவு. எஞ்சினுக்கு எவ்வளவு திமிர் இருந்தாலும் எழுபத்தைந்தைத் தாண்டினால் அன்றைய பந்தயம் செல்லாது. முத்திரை வைத்த கருவி ஒன்று படகிலேயே உட்கார்ந்து வேகத்தைக் குறித்துக்கொள்ளும். அதனிடம் கெஞ்சிப் பயனில்லை. மேல்பிரிவுக்காரர்கள் இவர்களை முதியோர் இல்லம் என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். எல்லோருக்கும் ஒரே வரம்பு என்பதால் யாரும் யாரையும் விட்டுவிட்டு ஓடிவிட முடியாது. படகுகள் ஒன்றையொன்று ஒட்டியே போகும்.

அந்த ஒட்டுதலில்தான் ஹாங்கின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக அவனுக்கு இரண்டாவது இடம்தான். ராசியில்லாதவன் என்று ஊர் சொன்னது. லொரெய்னுக்கு வேறு காரணம் தெரியும். திருப்பத்தில் மிதக்கும் ஆரஞ்சு மிதவை கிட்டத்தில் வரும்வரை அவன் கண்ணில் படுவதில்லை. முன்னால் போகிற படகு எங்கே திரும்புகிறதோ அங்கே அவனும் திரும்புகிறான், அவ்வளவுதான். அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. தூண்டில் இரை விற்கும் கடையில் வாரம் முழுக்க ஊமைபோல் நிற்கிற மனுஷன், அந்த இருக்கையில் உட்கார்ந்தால்தான் வாய் திறந்து பேசுவான். அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

செப்டம்பர் மாதக் கடைசிப் பந்தயம். கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில், முன்னால் போய்க்கொண்டிருந்த டுவைட்டின் படகு புகையைக் கக்கிவிட்டு நின்றது. ஹாங்குக்கு முன்னால் இப்போது வெறும் கடல்.

"லோ," தலைக்கவசத்துக்குள் அவன் குரல் கேட்டது. "மிதவை எங்க?"

"கொஞ்சம் வலப்பக்கம், ஒரு மணி முள் திசை. இரு... இரு... இப்போ திருப்பு!"

திருப்பினான். இப்படியே ஒவ்வொரு திருப்பமாக அவள் சொல்லச் சொல்ல அவன் திருப்பி, கடைசித் திருப்பத்தையும் கடந்து நேர்கோட்டுக்கு வந்துவிட்டார்கள். கடைசித் திருப்பத்தில் உள்பக்கம் நெருங்கிய ஒரு படகும் பின்தங்கிவிட்டது. முதலிடம் கைக்கு வந்துவிட்டது. அதோடு வருடக் கோப்பையும்.

லொரெய்னுக்கு அப்போதுதான் உறைத்தது. கோப்பை வென்றவர்கள் அடுத்த வருடம் தொண்ணூறு மைல் பிரிவுக்குப் போயே தீரவேண்டும். கீழேயே நின்று கோப்பைகளை அள்ளக்கூடாது என்பது சங்கத்தின் விதி. தொண்ணூறில் படகுகள் சிதறிப் போகும். அங்கே யார் பின்னால் போவான் இவன்?

பிடியை முன்னால் தள்ளினாள்.

"ஏய், தாண்டுது!"

"தெரியும்."

"லோ, கையை எடு!"

எடுக்கவில்லை. கரையில் கொடி அசைந்தது.

அரை மணி நேரத்தில் நடுவர் கர்ட் படகுத்துறைக்கு வந்தார். இவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். பாதி தின்ற போர்க் ரோல் சாண்ட்விச் கையிலேயே இருந்தது.

"எழுபத்தேழு. என்னம்மா லொரெய்ன், வயசான காலத்துல குமரி ஆயிட்டியா? இருபது வருஷமா வரம்பைத் தாண்டாதவ நீ!"

"கை வழுக்கிடுச்சு," என்றாள்.

"வழுக்குமே! சரி, கேளு ஹாங்க். நீரோட்டம் பின்னாலேருந்து தள்ளிச்சுன்னு ஒரு முறையீடு கொடு. நான் பேசுறேன். கோப்பை உனக்குத்தான்."

ஹாங்க் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"நீரோட்டம் தள்ளல. கருவி சொல்றது சரி. அப்புறம் கர்ட், அடுத்த வருஷம் சுக்கானுக்கு என் பேரைப் போடாத. மிதவை எனக்குத் தெரியல."

கர்ட் சிரிக்கப் போனவர், லொரெய்னின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ஹாங்கின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு நடந்தார்.

லொரெய்னுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இருபது வருடப் பெயரைத் தண்ணீரில் போட்டு இவனுக்கு ஒரு இடத்தைப் பிடித்துவைத்தால், அதையும் இவனே எட்டி உதைக்கிறானே!

"நான் எதுக்குடா அழுத்தினேன்? இன்னும் ஒரு வருஷமாவது நீ ஓட்டணும்னுதானே!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயை விட்ட? நான்தான் பக்கத்துல இருக்கேனே, சொல்லிச் சொல்லி ஓட்டியிருக்கலாம்ல?"

ஹாங்க் படகின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"கடைசித் திருப்பத்துல உள்பக்கமா யாரோ வந்தாங்க. யாரு அது?"

"நோவாக்கோட பொண்ணுங்க ரெண்டு பேரும், அவங்க படகுல."

"எவ்ளோ கிட்ட?"

கை நீட்டினால் தொடுகிற தூரம். அந்தச் சின்னவள் போன வருடம்வரை இவள் பேருந்தில் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து வந்தவள்.

"ரொம்பக் கிட்ட," என்றாள்.

"எனக்குச் சத்தம்தான் கேட்டுச்சு லோ. நான் அவங்களைப் பாக்கவே இல்ல."

லொரெய்ன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பாத்தேன்," என்றாள். "பாத்துட்டும் அடுத்த வருஷமும் உன்னை ஓட்ட விட்டிருப்பேன்."