பச்சை வந்த நாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எலக்ட்ரானிக் சிட்டி ஆபீசிலும் தெரியும். அன்றைக்கு அந்தக் கோபம் போதவில்லை.

தொழிற்சாலை பாய்லர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் எங்களுடையது. அழுத்தம் எல்லை மீறினால் அலாரம் அடிக்க வேண்டும். பொம்மசந்திராவில் என் அக்கா வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பாய்லரும் அதில் ஒன்று. நாங்கள் எழுதும் நிரலை ஓட்டாமலே படித்துப் பார்த்துத் தப்பைச் சொல்ல ஒரு செக்கர் உண்டு. அது சிவப்புக் காட்டினால் ரிலீஸ் கிடையாது. எல்லாம் பச்சையானால் கேக் வெட்டுவோம். அது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

அன்று காலை ஒரே ஒரு சிவப்பு. பெயர் வைக்காமல், தேவைப்பட்ட இடத்திலேயே எழுதிப் போட்ட குட்டி நிரல் துண்டு, ஒரு ஃபங்ஷன் அது. சென்சார் தரும் எண்ணை வாங்கி எல்லையோடு ஒப்பிடுவதுதான் அதன் வேலை. எண்ணுக்குப் பதில் வெறுமை வந்தால் என்ன செய்வாய் என்று செக்கர் கேட்டது. வெறுமை எந்த எல்லையையும் மீறாது. அலாரம் வாயே திறக்காது.

“பேரே இல்லாத ஃபங்ஷன், ஒத்த வரி. இதுக்குப் போய் ரிலீஸை நிறுத்தணுமா?” என்றார் டீம் லீட்.

“சென்சார் வயர் புட்டுக்கிச்சுன்னா என்ன சார் பண்றது?”

“அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி,” என்று கன்னடத்தில் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னார்.

இந்த வரியைப் பார்க்காதே என்று செக்கருக்கு அந்த வரிக்கு மேலேயே ஒரு குறிப்பு எழுதினார். உடனே பச்சை.

“பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா சார்?” என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். மதியத்துக்குள் புது மென்பொருள் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டது.

சாயங்காலம் கேக் வந்தது. நான் வராந்தாவுக்கு வந்து பொம்மசந்திரா மாமாவுக்கு, அக்கா வீட்டுக்காரருக்கு, போன் போட்டேன்.

“அலாரம் எப்படி இருக்கு மாமா?”

“சூப்பர்மா! பழசு சும்மா சும்மா கத்தி உயிரை வாங்கும். மதியத்துலேருந்து கப்சிப். நல்லா பண்ணியிருக்கீங்க.”

“மாமா, ஸ்கிரீனை நம்பாதீங்க. பாய்லர்ல இருக்கிற மீட்டர் முள்ளைப் போய்ப் பாருங்க. இப்பவே.”

“ஏன்மா பயமுறுத்துற? இரு, வரேன்.”

போனை மேசையில் வைத்தது கேட்டது. பிறகு பாய்லர் இரைச்சல் மட்டும். ஆண்டவரே, ஆண்டவரே என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றேன்.

“எல்லாரூ ஹொரகெ ஹோக்ரீ!”

எல்லோரையும் வெளியே போகச் சொல்லி மாமா அலறினார். தடதடவென்று ஆட்கள் ஓடினார்கள். எங்கள் ஆபீசுக்குள் கேக் வெட்டிக் கைதட்டினார்கள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. மாமாதான் வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். மீட்டர் முள் எல்லையைத் தாண்டி நின்றதாம், பாய்லர் நெருப்பை அணைத்துவிட்டாராம். எல்லோரும் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்களாம்.

“அலாரம் ஏம்மா அடிக்கல?” என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய திரையில் எல்லா பாய்லரும், மாமாவுடையதும், பச்சையாக இருந்தன. டீம் லீட் கேக் தட்டோடு என்னைத் தேடி வந்தார். போனை அவரிடம் நீட்டினேன்.

“நீங்களே சொல்லுங்க சார்.”