ஏழாம் கேள்வியில் இருந்த கிணறு

1. அழிக்கச் சொன்ன குரல்

"அழிச்சிரும்மா. நான் சொன்னத அழிச்சிரு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

ஹெட்செட்டில் அந்தக் குரல் கேட்டபோது மவுஸ் மேல் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அழிக்க முடியாது. எங்கள் சிஸ்டத்தில் ஒரு பதிலைப் போட்டு அடுத்த பக்கம் போய்விட்டால் முந்தின பக்கம் பூட்டிக்கொள்ளும். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் நினைத்தால்தான் திறக்கலாம். இதை அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

நான் பெங்களூர் அல்சூர்க்காரி. படிப்பு பத்தாவதோடு சரி. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார், முட்டி போன பிறகு வீட்டில் இருக்கிறார். தொம்மலூரில் ஒரு மாடி ஆபீசில் போனில் கருத்துக் கணிப்பு எடுப்பது என் வேலை. எட்டு வருஷம் ஆகிறது. தமிழில் பேசுகிறவர்களுக்கு மொத்தம் ஆறு சீட். காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றாமல் நான் கிளம்புவதில்லை. பக்கத்து சீட் மேரி அதற்கும் கிண்டல் செய்வாள். "அக்கா ஹெட்செட்டுக்கும் பொட்டு வெச்சிட்டுதான் மாட்டும்" என்பாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

2. ஸ்கிரிப்டில் இருந்தது

எங்கள் வேலையில் முதல் ரூல், ஸ்கிரிப்டில் இருப்பதை இருக்கிறபடி படிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. எதிர்முனையில் "அப்படின்னா என்ன?" என்று கேட்டால், "நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்களோ அப்படியே பதில் சொல்லலாம்" என்று சொல்ல வேண்டும். நாம் விளக்கினால் நம்முடைய எண்ணம் அவர்கள் பதிலில் கலந்துவிடும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் கேள்வியே கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று அந்த ரூலில் எழுதவில்லை.

அந்த ப்ராஜெக்ட் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களுக்குப் போன் செய்வது. தலைப்பை முன்கூட்டிச் சொன்னால் பதில் மாறும் என்று, "உங்கள் பகுதி வளர்ச்சி குறித்த கருத்துக் கணிப்பு" என்று மட்டும் ஆரம்பிக்கச் சொன்னார்கள். ஏழாவது கேள்வி இது: "உங்கள் கடலோரப் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் அமைக்கப்படுவதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?" ஆதரவு என்றால் 1, எதிர்ப்பு என்றால் 2, தெரியாது, கருத்து இல்லை என்றால் 9.

பெங்களூரில் இருக்கிறவளுக்கு போர்வெல் என்றால் என்ன? தண்ணீர். எங்கள் சந்து போர்வெல் வற்றிப்போய், டேங்கர் ஹாரன் கேட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் நான். அந்தக் கேள்வியைப் பார்த்ததும், பாவம், அந்த ஜனங்களுக்கு யாரோ நல்லது செய்யப்போகிறார்கள் என்று நினைத்தேன். குரலில் ஒரு சந்தோஷத்தோடுதான் படித்தேன். ஆட்களும் "வேணுங்க, வேணுங்க" என்றார்கள். 1, 1, 1 என்று போட்டுக்கொண்டே போனேன். அந்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில், அந்த ஊர்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கூட வந்தேன்.

மறுநாள்தான் பாக்கியம் லைனில் வந்தார். மீன் விற்கிற அம்மா.

"யாரும்மா நீ? லோனா? கார்டா? எனக்கு ஒண்ணும் வேணாம்."

"எதுவும் விக்கலம்மா. உங்க ஊர பத்திக் கொஞ்சம் கேள்வி, அவ்ளோதான்."

"சரி, கேளு. கூடையில பாதி கெடக்கு, சீக்கிரம் கேளு."

ஏழாவது கேள்வியைப் படித்தேன்.

"கெணறா? போடட்டும்மா, நல்லாப் போடட்டும். இங்க அடிபம்புல வர்றதெல்லாம் உப்பு. நல்ல தண்ணி வருமா?"

ரூல் பிரகாரம், "நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிறீங்களோ அப்படியே சொல்லலாம்மா" என்றேன்.

"அப்ப வேணும்னு போட்டுக்க."

1 போட்டேன். பக்கம் பூட்டிக்கொண்டது. எட்டாவது கேள்வி: இதனால் மீன்பிடித் தொழில் பாதிக்கப்படும் என்று நினைக்கிறீர்களா? மற்றவர்கள் "இல்லைங்க" என்று சொல்லிப் போய்விட்டார்கள். பாக்கியம் சிரித்தார்.

"நல்ல கேள்வி கேட்ட போ. தண்ணிக்குக் கெணறு வெட்டுனா மீனுக்கு என்னா ஆவும்?"

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. "யாருகிட்டடி பேசுற? என்னா கெணறு?" பாக்கியம் என் கேள்வியை அவருக்குச் சொல்லிக் காட்டினார். அந்தக் குரல் உயர்ந்தது. "அறிவிருக்கா ஒனக்கு? அது கடலுக்குள்ள எண்ணெ, கேஸு எடுக்கறதுக்குப் போடற கெணறு! அதுக்கா வேணும்னு சொன்ன?"

பிறகு அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி சொன்னார்.

"ஊரு கூடி வேணாம்னு முடிவு பண்ணிருக்கும்மா. நான் வேணும்னேன்னு தெரிஞ்சா எங்க மீன யாரும் தொடமாட்டாங்க. என் நம்பரு ஒங்கிட்ட இருக்கே. அழிச்சிரும்மா."

3. கண்ணாடி ரூம்

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்தேன், இறங்கவில்லை. மேரியிடம் சொன்னேன். அவளும் தண்ணீர்க் கிணறு என்றுதான் நினைத்திருந்தாள்.

"அக்கா, வாய மூடிக்கோ. படிக்கச் சொன்னாங்க, படிச்சோம். நீ போய் சொன்னா ஆறு பேரயும் தூக்கிடுவாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

அவள் சொன்னதிலும் தப்பு இல்லை. என் வீட்டிலும் என் சம்பளம் ஒன்றுதான். ஆனால் அந்த அம்மா மட்டுமா? நான் சந்தோஷமாகப் படித்துப் படித்து வாங்கிய அத்தனை 1-ம், அந்த ஊர் ஜனங்களே எண்ணெய்க் கிணறு கேட்டார்கள் என்று எங்கோ ஒரு மேஜைக்குப் போய்ச் சேரும். சாமியிடம் தண்ணீர் கேட்டுவிட்டு இதைச் செய்துவிட்டு நிற்கிறேனே என்று நினைத்தேன். முருகா என்று சொல்லிக்கொண்டு டீம் லீடர் நவீன் சாரின் கண்ணாடி ரூம் கதவைத் தட்டினேன்.

அவர் கன்னடக்காரர், துமகூர்ப் பக்கம். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

"சார், ஏழாவது கேள்வி இங்கிலீஷ்ல என்ன இருக்கு?"

ஸ்கிரீனைப் பார்த்தார். "ஆஃப்ஷோர் வெல்ஸ். ஏனக்கா?"

"ஆஃப்ஷோர்னா எங்க சார்?"

"கடல்ல. உள்ள, தூரத்துல."

"தமிழ்ல கடலோரம்னு இருக்கு சார். கரைன்னு அர்த்தம். கிணறுக்கு ஆழ்துளைக் கிணறுன்னு போட்டிருக்கு. போர்வெல்."

"போர்வெல் அந்த்ரே நீரு தானே?" என்று அவர் தன்னையறியாமல் கன்னடத்தில் கேட்டார், போர்வெல் என்றால் தண்ணீர்தானே என்று. கேட்ட வாயாலேயே முகம் மாறிவிட்டது. நான் பாக்கியம் போனில் பேசியதைச் சொன்னேன். ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டார். "அழிச்சிரும்மா" வந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

"அக்கா, முன்னாடியே ஏன் சொல்லல?"

"இன்னிக்குத்தான் சார் தெரிஞ்சுது. நானும் தண்ணின்னுதான் நெனச்சேன்."

"கிளையன்ட் என்னைக் கேப்பான். நான் உங்களைத்தான் காட்டணும், தெரியுதில்ல?"

"தெரியும் சார்."

"போங்க. சீட்ல உக்காருங்க. டயலர் ஆஃப்."

ரெண்டு நாள், எங்களுக்கு நம்பர் போட்டுக் கொடுக்கிற டயலர் ஓடவில்லை. ஆறு பேரும் வந்து, உட்கார்ந்து, எழுந்து போனோம். மேரி என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரரிடமும் நான் சொல்லவில்லை. கோயிலுக்குப் போனேன், வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

4. மறுபடியும் பாக்கியம்

மூன்றாம் நாள் நவீன் சார் வந்து நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கேள்வி மாத்தியாச்சு. பழைய ஏழாவது பதில் எல்லாம் கேன்சல். எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்." என்னிடம் மட்டும் மெதுவாக, "உங்க பேரு நான் கொடுக்கல" என்றார்.

புதுக் கேள்வியில் "கடலுக்குள் எண்ணெய், எரிவாயு எடுக்கும் கிணறுகள்" என்று தெளிவாக இருந்தது. முதல் போனே பாக்கியத்துக்குத்தான் போட்டேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

"அம்மா, அழிச்சாச்சு. நீங்க சொன்னது இப்ப எங்கயும் இல்ல."

"நெசமாவா?"

"சாமி சத்தியமா."

அழுதாரா, மூக்கைச் சிந்தினாரா தெரியவில்லை. கேள்வியைப் படித்தேன். இந்தத் தடவை நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக. இப்போது எதிர்ப்பு என்பார், 2 போடலாம் என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"தெரியாதுன்னு போட்டுக்க."

"அம்மா, ஊரு வேணாம்னு முடிவு பண்ணிருக்குன்னு சொன்னீங்களே?"

"ஊரு சொல்லும். நானும் வேணாம்னு ஒங்கிட்ட சொன்னா, போராட்டம் பண்றான்னு போலீசு கேஸு போடும். வேணும்னு சொன்னா ஊரு விடாது. வேணாம்னு சொன்னா போலீசு விடாது. நான் மீன் விக்கிறவ, எனக்குத் தெரியாதுன்னே போட்டுக்க."

9 போட்டேன். அதற்குக் கீழே ஒரு காலிக் கட்டம் உண்டு. வெர்பேட்டிம் என்போம், எதிர்முனையில் சொன்னதைச் சொன்னபடி அடிக்கிற இடம். நேரம் ஆகும் என்று யாரும் அதைத் தொடமாட்டோம். எட்டு வருஷத்தில் நானும் எத்தனை 9-க்குக் கீழே அதை வெறுமையாக விட்டுப் போயிருக்கிறேன்!

"அம்மா, சொல்லப் பயமா இருக்குன்னு நீங்க சொன்னதா எழுதிக்கட்டுமா? பேரு வராது. நம்பரு வராது."

கூடையை இழுக்கிற சத்தம் கேட்டது.

"பேரு இல்லாம எழுதறதா இருந்தா எழுது."

எழுதினேன். 'சொல்லப் பயமாக இருக்கிறது.' மேரி எட்டிப் பார்த்தாள். அடுத்த போனில் அவளும் அந்தக் கட்டத்தில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கேள்வியை முதலில் உங்களுக்கே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், பிறகு அடுத்தவரிடம் கேளுங்கள். தெரியாது என்று ஒருவர் சொன்னால் உடனே 9 போட்டுவிட்டு ஓடாதீர்கள். எனக்கு இப்போதும் 9 அமுக்கும்போது கை கொஞ்சம் நிற்கிறது, எதிர்முனையில் யாராவது வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார்களா என்று காது கொடுக்கிறேன்.