சுவரோரப் பாத்திக்கு நான்கு வாளி

2006 ஜூலை 12, புதன்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். பதினாறு நாட்களாகச் சொட்டு மழை இல்லை. வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. அந்தக் காலையில் எங்கள் தெரு நெசவாளி முழங்கால்வரை சேறோடு என் வாசலில் வந்து நின்றார். என் வயதுக்காரர்.

"வாத்தியாரே, தறிக்குழில தண்ணி நிக்குது. ரெண்டு சாண் இருக்கும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு நாள் முன்பே எதிர்பார்த்திருந்தேன்.

அவர் வீட்டுக்கும் எங்கள் தொடக்கப்பள்ளித் தோட்டத்துக்கும் நடுவே ஒரே சுவர். தோட்டத்தில் பதினொரு பாத்திகள். ஓய்வு பெறுவதற்கு முன்னும் பின்னுமாகப் பதினைந்து வருடம் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். பத்துப் பாத்திகளுக்கு ஒன்பது வாளி வீதம். சுவரோரம் இருந்த கீரைப் பாத்திக்கு மட்டும் நான்கு. முதல் வருடம் அதற்கும் ஒன்பது ஊற்றியதில் அவர் கால் விட்டு மிதித்து நெய்யும் தறிக்குழியின் மண் சுவர் கசிந்தது. அவர் வந்து சொன்ன பிறகு நான்காகக் குறைத்தேன். அவர் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

புதிதாக வந்த தலைமையாசிரியருக்கு முப்பத்தெட்டு வயது. யாரிடமோ நன்கொடை வாங்கி மோட்டார், பிளாஸ்டிக் குழாய், டைமர் எல்லாம் போட்டார். தினமும் ஆறு மணிக்குத் தானாக ஓடி, பாத்திக்குப் பாத்தி ஒரே அளவு விடும். முதல் நாளே ஒரு வாளியைப் பிடித்து அளந்தேன். பாத்திக்கு ஒன்பது வாளி.

"சுவரோரம் நாலுக்கு மேல ஆகாது சார்," என்றேன்.

பிள்ளைகளும் மூன்று ஆசிரியைகளும் நின்றிருந்தார்கள். "சார், நீங்க இத்தினி வருஷம் எண்ணுனது போதும். இனிமே மிஷின் எண்ணிக்கும். வீட்ல போய் ரெஸ்ட் எடுங்க," என்றார். ஆசிரியைகள் சிரித்தார்கள். இரண்டு பேர் சத்தமாக, ஒருத்தி வாயை மூடிக்கொண்டு.

மறுபடி நான் சொல்லவில்லை. தினமும் காலையில் என் வீட்டு ஜன்னலிலிருந்து மோட்டார் சத்தம் கேட்டதும் நோட்டில் ஒரு கோடு போட்டேன். ஜூன் 13 முதல் முப்பது கோடுகள். ஒரு நாளைக்கு ஐந்து வாளி அதிகம், முப்பது நாளுக்கு நூற்றைம்பது. சுவர் தாங்காது என்று எனக்குத் தெரியும். அந்த ஆள் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

நெசவாளியோடு போய்ப் பார்த்தேன். குழியின் ஒரு பக்க மண் சரிந்து, தறியின் கால் இறங்கியிருந்தது. தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவில் இழைகள் அறுந்து தொங்கின. நெய்து முடிந்த மூன்று முழத்தில் சேறு. ஆவணி முகூர்த்தத்துக்கான பட்டுப்புடவை. அவர் மனைவி ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "உக்காருங்க சார்," என்றார்.

உட்காரவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டேன், நெசவாளியை அழைத்துக்கொண்டு அங்கே போனேன்.

"அது பூமி ஊத்தா இருக்கும் சார். மிஷின் கரெக்டாதான் ஓடுது," என்றார் தலைமையாசிரியர்.

அந்தப் பதிலுக்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தேன். நோட்டை விரித்து, தேதி தேதியாக உரக்கப் படித்தேன். ஆசிரியைகள் வகுப்பை விட்டு வந்து நின்றார்கள். நூற்றைம்பது வாளி என்று நான் முடித்தபோது தலைமையாசிரியரின் முகம் வெளுத்தது. அந்த முகத்தை இன்று நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

நெசவாளி நோட்டை என் கையிலிருந்து வாங்கினார். கோடுகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார்.

"முப்பது நாளா தெரிஞ்சிக்கினேதான் இருந்தியா வாத்தியாரே?"

நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன், அவர் விடவில்லை.

"பக்கத்து வூடுதானேபா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா பாவ கழட்டி வெச்சிருப்பேனே."

நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். தலைமையாசிரியருக்கு எதுவும் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

சனிக்கிழமை தலைமையாசிரியர் ஒரு கவரோடு என் வீட்டுக்கு வந்தார். "அவங்க நஷ்டத்துல பாதி நான் தர்றேன் சார். தப்பு என்னுதும்தான்," என்றார். வாங்கியிருந்தால் அவரை மன்னிக்க வேண்டி வந்திருக்கும். கவரைத் திருப்பிக் கொடுத்து வாசலைக் காட்டினேன். இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை. நெசவாளி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கெட்டுப்போன புடவைக்கு, பட்டு கொடுத்த முதலாளி நெசவாளியின் கூலியில் பிடித்துக்கொண்டது ஐயாயிரத்து நானூறு. குழிக்குச் செங்கல், சிமெண்டு, கொத்தனார் கூலி ஆயிரத்து நூற்றைம்பது. அறுந்த இழைகளைப் பிணைக்க அறுநூறு. முழுவதும் என் பென்ஷனிலிருந்து போனது, ஏழாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.