சோனுன் ஒட்டும் டப்பி

யார் வீட்டுக்குப் போனாலும், காலணியைக் கழற்றி வாசலில் விட்டதும் சோனுனின் கை சுவருக்குப் போய்விடும். உள்ளங்கையை விரித்து, சுவரைத் தடவிக்கொண்டே மூலை வரைக்கும் நடப்பாள். எங்காவது சுவரில் ஒட்டிய பூத்தாள் உப்பியிருந்தால் கை நின்றுவிடும். கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "யாரு ஒட்டினது இது? பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஒட்டியிருக்கான்" என்பாள். வீட்டுக்காரியின் முட்டிவலி, கன்று போட்ட மாடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்கப்புறம்தான். கல்யாணத்துக்குப் போனாலும், துக்கம் கேட்கப் போனாலும் இந்தப் பழக்கம் மாறாது. துக்க வீட்டில் மட்டும் வாயைத் திறக்காமல் அழுத்திவிட்டு உட்காருவாள்.

கிர்கிஸ்தானில் எங்கள் ஊரான கராகோலில் பாதி வீட்டுச் சுவர்களுக்குத் தாள் ஒட்டியவள் அவள். ஐம்பதை நெருங்குகிறாள். குட்டையான, உறுதியான உடம்பு. தலைத்துணியைப் பின்பக்கமாக இறுக்கிக் கட்டியிருப்பாள். அவள் வேலைச் சட்டையின் கைகளில் பசை காய்ந்து காய்ந்து ஏறி, முழங்கையை மடக்கினால் நொறுங்கும் சத்தம் கேட்கும். கணவர் அடுப்பும் சுவரும் கட்டுகிற கொத்தனார். அவர் பெயரை அவள் சொல்லமாட்டாள். 'நம்ம வீட்டு ஆளு' என்பதோடு சரி. "நம்ம வீட்டு ஆளு கட்டுவாரு, நான் மேல ஒட்டி மூடுவேன். அவரு செஞ்ச தப்பெல்லாம் எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்று அவர் எதிரிலேயே சொல்லுவாள். அவர் மறுத்து நான் கேட்டதில்லை.

வேலை முடிந்ததும் மீதிச் சுருளைக் கேட்பாள். எங்கள் ஊரில் மீதிச் சுருளை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பின்னால் எங்காவது கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று அலமாரிக்கு மேலே போட்டு வைப்பார்கள். வீடு கைமாறும்வரை அது அங்கேயே கிடக்கும். "கிழியாது. ஒட்டினது நான். குடுங்க" என்று கையை நீட்டுவாள். கொடுத்துவிடுவார்கள்.

அந்தச் சுருள்கள் டப்பிகளாக மாறியது எனக்குத் தெரிந்துதான். நான் தேன் விற்பவன். கோடையில் ஏரிக்கரைப் பூங்காவில் ஞாயிறுதோறும் கூடும் கைவினைச் சந்தையில் எனக்கு ஒரு மேசை உண்டு. அடுத்த மேசை சுராக்கானுடையது. சோனுனின் கணவருக்கு அண்ணன் மனைவி. ஆக இருவரும் ஓரகத்திகள். சுராக்கான் மெலிந்து உயர்ந்தவள், அதிகம் பேசமாட்டாள். வெள்ளிக் கம்பியை வளைத்து, ஆப்ரிகாட் கொட்டையும் பவளத் துணுக்கும் சாயம் ஏற்றிய கம்பளி உருண்டையும் கோத்துத் தொங்கட்டான் செய்வாள். கம்பியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டுதான் வேலை. அந்நேரம் அவளுடைய வீடு தீப்பற்றியது என்று சொன்னாலும் கம்பியின் நுனியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

வேலை அத்தனை நேர்த்தி. ஆனால் அதைச் சூரியகாந்தி விதை போட்டுத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். ஒருநாள் ஒரு பெண் தோழியின் பிறந்தநாளுக்கென்று ஒரு ஜோடி எடுத்தாள். முடிச்சுப் போட்ட உறையைப் பார்த்த அவள் கணவன், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியதுபோல இருக்கிறதே என்று சிரித்தான். அவளுக்கு மனம் மாறிவிட்டது. தொங்கட்டானைத் திருப்பி வைத்துவிட்டு எதிர் மேசையில் ஒரு கம்பளிப் பை வாங்கிக்கொண்டு போனாள். சுராக்கான் காதில் விழாதவள்போலக் கம்பியை எடுத்து வளைக்க ஆரம்பித்தாள். பின்னால் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்த சோனுன் கொறிப்பதை நிறுத்தினாள்.

அடுத்த ஞாயிறு ஒரு பெரிய பையோடு வந்து மேசைமேல் கவிழ்த்தாள். எல்லாம் டப்பிகள். தேயிலை அட்டையும் பிஸ்கட் அட்டையும் வெட்டி மடித்த உடம்பு. மேலே யார் யார் வீட்டுச் சுவர்த்தாளோ. நீலக் கட்டம், பொன்கொடி, வெளிறிய ரோஜா, ஒரு பல் மருத்துவர் அறையின் பச்சைக் கோடு. உள்ளே, கம்பளி விரிப்புச் செய்பவர்கள் கழித்துப் போட்ட கம்பளிப் பஞ்சு ஒரு சிட்டிகை. அதன்மேல் தொங்கட்டான் அமுங்கிப் படுத்துக்கொள்ளும். எவ்வளவு செலவு என்று நான் கேட்டேன். "கொஞ்சம் மாவு, கொஞ்சம் வெந்நீர், நிறைய வாய்" என்றாள். வாய் என்றது மீதிச் சுருளும் கழித்த பஞ்சும் கேட்டு வாங்கிய பேச்சை.

முதல் குளிர்காலத்தில் பாதி டப்பிகளை எலி தின்றுவிட்டது. மாவுப்பசை அதற்கு விருந்தல்லவா. அதிலிருந்து மலையடிவாரத்துக் கசப்புச் செடியை அவித்த நீரில் பசை காய்ச்சுகிறாள். செய்து முடித்த ஒவ்வொரு டப்பியையும் காதருகே வைத்துத் திறந்து பார்ப்பாள். மூடி கழன்று வரும்போது மெல்லிய ஒரு 'புப்' வரவேண்டும். "சத்தம் வரலேன்னா அது டப்பி இல்ல, அட்டை" என்று தூக்கிப் போடுவாள். தேன் சீசாவுக்கும் இப்படி ஏதாவது செய்து தரக் கேட்டேன். "தேன் தானா இனிக்குது, அதுக்கு எதுக்கு சட்டை" என்று முடித்துவிட்டாள்.

டப்பி வந்த பிறகு சுராக்கானின் மேசை முன்னால் ஆட்கள் நின்றார்கள். ஒரு உள்ளூர்க்காரி டப்பியைக் கையில் வாங்கி, என் சமையலறை அல்லவா இது என்று சிரித்து, அந்தக் காரணத்துக்காகவே வாங்கிப்போனாள். ஓரகத்திகள் இருவரும் சந்தை முடிந்ததும் ஒரே கிண்ணத்தில் குளிர்ந்த காரச் சேமியாவைப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு வீடு போவார்கள். இப்படியே போயிருக்கும், ஷோல்பான் வராமல் இருந்திருந்தால்.

ஷோல்பான் எல்லைக்கு அந்தப்பக்கம் அல்மாட்டி நகரத்தில் பரிசுப்பொருள் கடை வைத்திருப்பவள். நல்ல மாதிரியான பெண். குத்திப் பேசத் தெரியாதவள். சுராக்கானின் மேசைக்கு வந்து ஒரு டப்பியைத் திறந்தாள். உள்ளே இருந்த தொங்கட்டானைப் பதமாக எடுத்து விரிப்பின்மேல் வைத்தாள். பிறகு டப்பியைத் திருப்பித் திருப்பி மூலைகளைப் பார்த்தாள். இன்னொன்றைத் திறந்தாள். அதிலிருந்ததையும் எடுத்து வைத்தாள்.

"இந்த டப்பி மட்டும் தருவீங்களா? கடைக்கு நிறைய வேணும்" என்றாள்.

தொங்கட்டான் எப்படியிருக்கிறது என்று சுராக்கான் மெதுவாகக் கேட்டாள். ரொம்ப அழகு, ஆனால் தனக்கு வழக்கமாகச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள் என்றாள் ஷோல்பான். சோனுனுக்கு மகிழ்ச்சியை மறைக்கத் தெரியாது. காது வரை சிவந்துவிட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஷோல்பானின் முகவரிச் சீட்டை வாங்கினாள். சிரித்தாள். விரிப்பின்மேல் தொங்கட்டான்கள் அவிழ்த்துப் போட்டதுபோலக் கிடந்தன.

ஷோல்பான் போனதும் சுராக்கான் குடுவையைத் திறந்து தேநீர் ஊற்றினாள். எங்கள் ஊர் வழக்கத்தில், கிண்ணத்தில் பாதி ஊற்றினால் இன்னும் கொஞ்சம் இரு என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். சோனுனின் கிண்ணத்தில் தேநீர் விளிம்பைத் தொட்டு நின்றது. சோனுன் அதைப் பார்த்தாள். இரண்டு கையாலும் ஏந்தி, சூடு ஆறும்வரை காத்திராமல் முழுவதும் குடித்தாள். நன்றாயிருக்கிறது அக்கா என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

பிறகு சில ஞாயிறுகள் சுராக்கான் தனியாக வந்தாள். மறுபடியும் பிளாஸ்டிக் உறை, மறுபடியும் முடிச்சு. டப்பி இல்லையா என்று கேட்டவர்களுக்குத் தீர்ந்துவிட்டது என்றாள். புருஷன்மார் இருவரும் அண்ணன் தம்பி. அவர்கள் பாட்டுக்கு ஏரியில் மீன் பிடிக்கப் போய்வந்தார்கள். சோனுன் தேன் வாங்க என் வீட்டுக்கு வந்தபோது பேச்சை நானாக எடுக்கவில்லை. அவளே எடுத்தாள்.

"நான் என்ன தேன்காரண்ணே, திருடினேனா? என் டப்பிய ஒருத்தி கேட்டா, குடுக்கறேன். ஆனா அக்கா முன்னாடி சிரிச்சேன் பாருங்க. அங்கதான் சறுக்கிட்டேன்."

அல்மாட்டிக்கு டப்பி செய்வதை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. ஆனால் ஒட்டும்போது வாய் ஓயாமல் பாடுகிறவள் இப்போது பாடுவதில்லை என்று அவள் கணவர் என்னிடம் கவலையாகச் சொன்னார்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் என் வீட்டு முன்னறைக்குத் தாள் ஒட்ட அவளைக் கூப்பிட்டேன். எங்கள் வீடு பழைய ருஷ்ய மரவீடு, கூரை உயரம். நீளத் தாளின் மேல்முனையை ஒருவர் பிடிக்க, கீழே ஒருவர் நின்று தடவிக்கொண்டு வரவேண்டும். முக்காலியில் ஏறி நான் பிடித்தேன். பிடிப்பு நேராக நிற்கவில்லை. சோனுன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது சுராக்கான் தேன் வேண்டும் என்று வாசலில் வந்து நின்றாள். தேன் சாப்பிட்டால் இருமல் வரும் என்று இத்தனை வருடமாக ஒரு கரண்டிகூட வாங்கிக்கொள்ளாதவள்.

உள்ளே வந்து பார்த்தாள். தாள் ஒருபக்கம் சாய்ந்து தொங்குவதைப் பார்த்தாள். என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவள் ஏறினாள். மேல்முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டாள். தாள் ஆடாமல் நின்றது. சோனுன் கீழேயிருந்து பிரஷ்ஷால் தடவிக்கொண்டே எழுந்தாள். முதல் சுவர் முடியும்வரை 'மேலே', 'கொஞ்சம் இடது' என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. நான் தேனை எடுக்கப் போகிறவன்போலக் கதவோரம் நின்றுகொண்டேன்.

இரண்டாவது சுவரில் சுராக்கான் பேசினாள்.

"அல்மாட்டிக்காரிக்கு அனுப்பிட்டியா?"

"பாதி அனுப்பினேன் அக்கா."

"மீதியையும் அனுப்பு. வேணாம்னு சொல்ல நான் வரல." தாளின் மேல்முனையை ஒரு விரல்கடை நகர்த்தினாள். "எனக்கும் டப்பி வேணும். ஆனா அசிங்கமா செஞ்சு குடு."

சோனுனின் பிரஷ் நின்றது. "எவ்வளவு அசிங்கமா அக்கா?"

"என் தொங்கட்டான் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு."

சோனுன் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேலே சுராக்கானின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பிடி நழுவி, பசை தடவிய முழுத்தாளும் இருவர் தலைமேலும் மடிந்து விழுந்தது. தாளுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. என் தாள்தான் வீணானது, நான் வருத்தப்படவில்லை.

தாளை உரித்துப் போட்டதும் சோனுன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெட்டி எறிந்த ஒரு துண்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். பின்பக்கம் வெறும் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் வெளியே தெரிய, பூப்போட்ட பக்கம் உள்ளே போக, ஒரு டப்பி மடித்தாள். சுராக்கானின் காதிலிருந்த தொங்கட்டானில் ஒன்றைக் கழற்றித் தரச் சொன்னாள். வாங்கி உள்ளே வைத்து மூடி, சுராக்கானின் கையில் கொடுத்தாள். "இப்ப திறங்க."

வெளியே ஒன்றுமில்லை, திறந்தால் மங்கிய நீலப் பூக்களின் மேல் வெள்ளிக் கம்பி பளிச்சென்று எழுந்து நின்றது. சுராக்கான் வெகுநேரம் பார்த்தாள். "பூ பெரிசா இருக்கு. சின்னப் பூவா பாரு" என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து யாரும் கேட்டதில்லை.

இப்போதெல்லாம் சுராக்கான் செய்து முடித்ததை முதலில் சோனுன் வாங்கிக்கொண்டு போகிறாள். தாளைச் சுருள் சுருளாகப் பிரித்துத் தொங்கட்டானுக்குப் பின்னால் வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள். சில சமயம் நல்ல தாள் கிடைத்தால், அதற்கேற்ற பவளம் தேடச் சொல்லி ஓரகத்தியை விரட்டுகிறாள். பச்சைக்குப் பவளம் எடுபடாது என்று ஒருத்தி, உன் கண்ணைக் கழுவிக்கொண்டு வா என்று இன்னொருத்தி. சந்தை நாளில் என் மேசை வரைக்கும் அந்தச் சண்டை கேட்கிறது. பூ வெளியே தெரியும் டப்பிகள் அல்மாட்டிக்கு மினிபஸ்ஸில் மூட்டையாகப் போகின்றன. சோனுன் திரும்பவும் பாட ஆரம்பித்துவிட்டாள். குரல் நன்றாயில்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

போன ஞாயிறு, தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். ஒரு சாம்பல் டப்பியைத் திறந்தாள். தொங்கட்டானை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் காதிலிருந்ததைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, புதிய தொங்கட்டானைப் போட்டுக்கொண்டு தலையை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். சுராக்கானிடம் பணத்தைக் கொடுத்தாள். சைக்கிளில் ஏறி நெட்டை மரங்களின் வரிசையோடு போய்விட்டாள். காதில் இரண்டும் ஆடிக்கொண்டே போயின. டப்பி மேசைமேல் திறந்தபடி கிடந்தது, காலியாக.

சுராக்கான் பதறிப்போய் டப்பியை எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட எழுந்தாள். "விடுங்க அக்கா, அவளுக்கு வேண்டியது காதுல போகுது" என்று சோனுன் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். டப்பியை மெல்ல வாங்கித் தன் பாவாடை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள்.