தலைவெட்டிக் கூடத்து வாசற்காரர்

தையற்காரர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே நர்சம்மா அந்தத் தட்டலைக் கேட்டுவிட்டாள். தையற்காரருக்கு முகம் துடைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, மசித்த கூழில் அரைக் கரண்டி எடுத்து வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. இடது கையைத் தூக்கிக் கட்டில் கம்பியில் தட்டினார். டக் டக். ஒரு மூச்சு விடும் நேரம் இடைவெளி. டக்.

தட்டிவிட்டு அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கய்யா வேணும்? தண்ணியா? ஒண்ணுக்கு வருதா?"

இல்லை என்று தலை அசைந்தது. சரி, நாமும் தட்டிப் பார்ப்போம் என்று நர்சம்மா விரலை மடக்குவதற்குள், அவர் மகள் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"ஐயோ அக்கா, பதிலுக்குத் தட்டிடாதீங்க!"

"ஏன், தட்டினா என்னவாம்?"

"பதில் தட்டினா அவங்க ஆளாயிடுவோமாம். அப்புறம் அவங்க கூப்பிட்டா போயே ஆகணுமாம். பக்கத்து வீட்டு அத்தை சொன்னாங்க."

"எங்கே போகணும்?"

மகள் குரலைத் தாழ்த்தினாள். "கூடத்துக்குத்தான்."

கூடம் என்றால் அந்த ஊரில் ஒன்றுதான். தபால் நிலையத்துக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் மதில், சாம்பல் நிற இரும்புக் கதவு, தெருப்பக்கம் ஜன்னல்போல் தெரிந்தாலும் வெறும் சுண்ணாம்பு வேலையாகவே இருக்கும் நான்கு பொய் ஜன்னல்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பிற்பகல் முப்பது நாற்பது ஆண்கள் உள்ளே போவார்கள், மாலையில் திரும்புவார்கள். உள்ளே என்ன நடந்தது என்று பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடமாட்டார்கள். சகோதர சங்கம் என்று பலகையில் சின்ன எழுத்தில் இருந்தது. ஊர் வைத்த பெயர் தலைவெட்டிக் கூடம்.

அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்கிறவனைச் சவப்பெட்டிக்குள் படுக்கவைப்பார்களாம். நரம்பைக் கீறி ரத்தத்தில் கையெழுத்து வாங்குவார்களாம். ரகசியத்தை வெளியே விட்டவன் நாக்கு மறுநாளே மரத்துப்போகுமாம். உள்ளே நீதிபதியும் லாரி ஓட்டுநரும் ஒருவரையொருவர் அண்ணே, தம்பி என்றுதான் கூப்பிடுவார்களாம். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் ஊரில் யாரும் நம்பவில்லை.

தலை வெட்டும் கதைக்கு மூலகாரணமே தையற்காரர்தான். கூடத்து உறுப்பினர்கள் இடுப்பில் கட்டும் வெள்ளை முன்துணிகளை அவர்தான் தைத்தார், துவைத்தார். மொட்டைமாடிக் கொடியில் பதினெட்டு முன்துணிகள் வரிசையாகக் காய்ந்தால் ஊர் வேறு என்ன நினைக்கும்? ரத்தம் தெறிக்காமல் இருக்கத்தான் என்று பக்கத்து வீட்டு அத்தை அன்றே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"அப்படின்னா ஒண்ணிலாவது கறை இருந்திருக்கணுமே" என்றாள் நர்சம்மா.

"அதான் துவைச்சுடுறாரே!" என்று அத்தை வீட்டு மதிலுக்கு மேலிருந்து பதில் வந்தது. முப்பத்துநான்கு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் ரத்தக்கறை அலசியவளிடமே சொன்னாள். ஒரு தடவை துவைத்தால் அது போகாது என்று விளக்கிக்கொண்டிருக்க நர்சம்மாவுக்கு நேரம் இல்லை.

தையற்காரருக்கு எழுபத்தொன்பது வயது. பக்கவாதம் வலப்பக்கத்தை இழுத்து, பேச்சைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊட்டினார்கள். இரண்டு தடவை அதைப் பிடுங்கி எறிந்தார். விழுங்கும் பரிசோதனையில் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. வாயைத்தான் திறக்கமாட்டேன் என்கிறார். மூன்றாவது குழாயோடு வீட்டுக்கு அனுப்பிய டாக்டர் ஒரு கெடு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வருவார். வீட்டு ஆள் ஊட்டி இவர் விழுங்குவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடுவார்கள். இந்த நெஞ்சுக்கு அந்த அறுவையே ஆபத்து என்பதையும் அவரே சொல்லியிருந்தார்.

அன்று திங்கள்.

நர்சம்மா எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவள் அல்ல. ஒரு நாள் முழுக்கக் கவனித்தாள். முதுகு துடைக்கும்போது அவர் தட்டவில்லை. புரட்டிப் படுக்கவைக்கும்போது தட்டவில்லை. கரண்டி உதட்டுக்கு நேரே வரும்போது மட்டும் தட்டினார். ஒரே கணக்கு: இரண்டு, இடைவெளி, ஒன்று. இடது நடுவிரலில் ஊசி குத்தாமலிருக்கப் போடும் இரும்புத் தொப்பி. அதைக் கழற்ற விடமாட்டார். தட்டியபின் கடிகாரம் பார்த்தாள்; நான்கு நிமிஷம் அசையாமல் காத்திருந்தார். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டார். பிடிவாதக்காரர்களை அவள் நிறையப் பார்த்தவள். அவர்கள் முகத்தில் கோபம் இருக்கும். இந்த முகத்தில் இருந்தது வேலை நேரத்துக் கவனம்.

பேச்சு போனவர்களிடம் சில மிச்சம் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தன் பெயரே சொல்லவராத கணக்கு வாத்தியார் ஒருவர் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொன்னதை வார்டே கூடி நின்று கேட்டது. ஆனால் வாத்தியார் ஒப்பித்தார். இவர் கேட்கிறார். எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

"உங்கப்பாவுக்குக் கூடத்தில என்ன வேலை?" என்று மகளிடம் கேட்டாள்.

"நிக்கிறது."

"நிக்கிறதா?"

"உள் கதவுக்கு வெளியே கையில ஒரு கத்தியோட நிப்பாராம். அவ்வளவுதான் எங்கம்மாவுக்கே தெரியும். இருபத்தாறு வயசில அந்தத் துணியெல்லாம் தைச்சுக் கொடுக்கப் போனவரு. பேச்சு வளர்க்காத ஆளுன்னு பார்த்து அவங்களே வாசல்ல நிறுத்திக்கிட்டாங்க. ஐம்பது வருஷம் நின்னாரு. உள்ளே மத்தவங்க உக்காந்திருப்பாங்க. இவரு நிப்பாரு." மகள் பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தாள். "எங்கம்மா போன அன்னிக்கும் அங்கேதான் நின்னாரு."

பிறகு கொட்டித் தீர்த்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. இவள் தலைதெறிக்க ஓடிப்போய் அந்த இரும்புக் கதவை உலுக்கினாள். அப்பா கதவிடுக்கு வழியே கேட்டார், முகம் வெளுத்தது. உள்ளே திரும்பிப் போனவர் உடனே வரவில்லை. உள் கதவில் தட்டிவிட்டுப் பதில் தட்டு வரும்வரை நின்றாராம். உள்ளே ஏதோ நடந்துகொண்டிருந்ததாம், நடுவில் பதில் தரக்கூடாதாம். பத்து நிமிஷம். அவர் வீட்டு வாசலை மிதித்தபோது அம்மாவின் கண்ணை யாரோ மூடிவிட்டிருந்தார்கள்.

"பதில் வராம வாசலை விட்டு நகரக்கூடாதும்மான்னு சொன்னாரு. அது ஒண்ணுதான் அந்தக் கூடத்தைப் பத்தி அவரு வாயால சொன்னது."

இருபத்தேழு வருஷத்துக் கோபத்துக்கு மருந்து நர்சம்மாவின் பையில் இல்லை. ஆனால் கட்டில் கம்பியில் கேட்ட அந்தக் கணக்கு இப்போது வேறு மாதிரி கேட்டது. மனிதர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.

புதன்கிழமை மருந்துக்கடைக்காரர் வெளிக்கதவுவரை வந்தார். அவரும் கூடத்து ஆள். கூடத்து ஆட்களை உள்ளே விடக்கூடாது என்பது மகளின் கண்டிப்பான உத்தரவு. அதனால் அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். நர்சம்மா வெளியே போனாள்.

"அவரு ரெண்டு, ஒண்ணுன்னு தட்டுறாரு. அதுக்குப் பதில் என்ன?"

மருந்துக்கடைக்காரருக்குக் காது மடல்கள் சிவந்தன. "தெரியாதுன்னு சொன்னா பொய். தெரியும்னு சொன்னா தப்பு."

"நான் சாமி ரகசியம் கேக்கல. ஒரு மனுஷன் வாயைத் திறக்கணும். அவ்வளவுதான்."

"என்னை உள்ளே விடச்சொல்லுங்க. நான் வந்து தட்டுறேன். வாயால சொல்லமாட்டேன்."

"விடமாட்டா. நீங்களும் சொல்லமாட்டீங்க. நல்லா இருக்கு உங்க சகோதர பாசம். உள்ளே ஒருத்தர் வத்திப்போறாரு, நீங்க வாசல்ல வெக்கப்படுறீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியது, வாய் திறக்கவில்லை. திரும்பி நடந்த அந்த முதுகை நர்சம்மா பார்த்தாள். இப்படியும் வாயைக் கட்ட முடியுமா? திட்டத்தான் நினைத்தாள். ஆனால் கை தானாக மரியாதையாகக் கட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை மகள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நர்சம்மா கரண்டியை எடுத்தாள். அவர் தட்டினார். அவளும் கம்பியில் அதையே தட்டினாள்: இரண்டு, ஒன்று. தையற்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். பட்டனை மாற்றித் தைத்த பையனைப் பார்க்கும் பார்வை. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது.

அவளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்களுக்குள் ஒரு பந்தயம்: தலைவெட்டிக் கூடத்துக் கதவைத் தட்டிவிட்டு ஓடவேண்டும். மற்றவர்கள் ஒரு அடி அடித்துவிட்டு ஓடினார்கள். இவள் மட்டும் வீம்புக்கு, பாட்டுத் தாளம்போல, இரண்டு அடி, நிறுத்தி ஒரு அடி அடித்தாள். ஓடத் திரும்பும்போது இரும்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக, ஏதோ சின்ன இரும்பால் தட்டுவதுபோல் பதில் வந்தது. டக். இடைவெளி. டக் டக். அவள் குலை நடுங்க ஓடினாள். ஒரு வாரம் காய்ச்சல். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாக்கு மரத்துப்போகுமே.

ஐம்பத்துமூன்று வருஷம் கழித்து இப்போது அவள் அந்த இரும்புத் தொப்பியைப் பார்த்தாள். புதிதாக வாசலில் நின்ற இளவயதுத் தையற்காரர், தற்செயலாகச் சரியாகத் தட்டிவிட்ட ஒரு சிறுமிக்குக்கூடப் பதில் தராமல் இருக்கவில்லை. கேட்டவர் யார் என்று பார்க்கவேண்டிய வேலை அவருடையது அல்ல. தட்டு சரியா என்று பார்ப்பதுதான்.

எத்தனையோ பிணங்களைக் குளிப்பாட்டிய கை அது. ஆனாலும் விரலை மடக்கும்போது மயிர்க்கூச்செறிந்தது. கம்பியில் தட்டினாள். ஒன்று. மூச்சு விட்டாள். இரண்டு.

தையற்காரரின் தோள் கீழே இறங்கியது. இத்தனை நாள் அது ஏறியே இருந்தது என்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள். மோவாயைத் தானே தாழ்த்தி வாயைத் திறந்தார். கரண்டி உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. அடுத்த கரண்டிக்கு அவர் தட்டவில்லை. கதவு ஒருமுறை திறந்தால் போதும்போல.

மகள் வந்ததும் நர்சம்மா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "நான் தட்டிட்டேன். ஒண்ணு, நிறுத்தி ரெண்டு. பன்னிரண்டு கரண்டி போச்சு. என் தலை இன்னும் கழுத்துலதான் இருக்கு, பார்த்துக்கோ. நாளைக்கு டாக்டர் முன்னாடி நீதான் தட்டணும். நான் ஊட்டினா டாக்டர் ஒத்துக்கமாட்டாரு."

மகள் பையைத் தரையில் வைத்தாள். அவள் முகத்தில் பயம் இருந்த இடத்தில் இப்போது வேறொன்று இருந்தது.

"எங்கம்மாவுக்கு அன்னிக்கு ஒரு பதில் தட்டு நேரத்துக்கு வரல. இவருக்கு மட்டும் நான் உடனே தட்டணுமாக்கா?"

"உன் இஷ்டம்" என்றாள் நர்சம்மா. "கூழைக் கெட்டியா காய்ச்சி வை. தண்ணியா இருந்தா புரையேறும்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் கரண்டியை எடுத்தாள். தையற்காரர் தட்டினார். இரண்டு. ஒன்று. காத்திருந்தார்.

மகள் தட்டவில்லை. கரண்டியைக் காற்றில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. டாக்டர் பேச வாயெடுத்தார், நர்சம்மா விரலை உதட்டில் வைத்து அடக்கினாள். மூன்று. தையற்காரர் மெல்லத் திரும்பி, பக்கவாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, பதிலுக்குக் காத்திருக்கும்போதே மகளைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. கெஞ்சவும் இல்லை. மகள் எதற்காகக் காக்கவைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நர்சம்மாவுக்குப் பட்டது. பத்து நிமிஷம் என்றாலும் நிற்கத் தயாராகவே இருந்தார். கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்து மோவாயில் சொட்டியது.

நர்சம்மாவின் கைக்கடிகாரத்தில் பத்தாவது நிமிஷம் முடிந்தது.

மகள் கம்பியில் ஓங்கி ஒன்று அடித்தாள், கட்டிலே அதிர்ந்தது. மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு இரண்டு. அவை மெதுவாக விழுந்தன.

வாய் திறந்தது.

"மோவாயைத் துடைச்சுட்டு ஊட்டும்மா" என்றாள் நர்சம்மா. "உப்பு உள்ளே போகுது."