சின்னம்மாவை விட்டுப் போகாத அம்மாள்

எங்கள் வீட்டில் அம்மாள் வந்துபோன ஆள் நான் ஒருத்திதான். அது எவ்வளவு பெரிய பட்டம் என்பது, சின்னம்மாவின் மேலில் கொப்புளம் போட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கொப்பளிப்பான் என்ற அம்மைநோயின் பேரை எங்கள் வல்வெட்டித்துறையில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வந்தது தெய்வம் என்றபடியால் மருந்து கொடுக்கக் கூடாது. வாசல் படலையில் வேப்பிலை கட்டிவிட்டு, அவ தானாகப் புறப்படும்வரை வீட்டை அடக்க ஒடுக்கமாக வைத்திருக்கவேண்டும். தாளிதம் ஆகாது. மீன் ஆகவே ஆகாது. வாசலில் நின்று பார்த்தால் கடல் தெரிகிற வீட்டில் மோரும் கஞ்சியுமாகக் கிடப்பது என்ன சீவியம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முந்திய வருடம் எனக்கு வந்தபோது வீடே என்னைச் சபித்திருக்கும்.

ஆனால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது. அம்மாவிடம் பால்குடித் தம்பி இருந்தான். அவர் கிட்டப் போக முடியாது. ஐயா ஆம்பிளை. ஆகவே பிள்ளையில்லாத சின்னம்மாவுக்குக் கஞ்சி பருக்க, விசிற, வேப்பிலையால் தடவிவிட என்று நாலாம் வகுப்புப் படித்த என்னை நியமித்தார்கள். பள்ளிக்கூடம் வேறு விடுமுறை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சின்னம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் தங்கை, பக்கத்து வளவில் குடியிருந்தவர். வாய் என்றால் அப்படியொரு வாய். மீன்காரன், தபால்காரன், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த ஆடு, ஒருவரும் தப்பமுடியாது. என்னை அவர் ஏசாத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வாய்தான் முதலில் புண்ணானது. வெற்றிலை போடுகிறவர் என்பதால் சுண்ணாம்பு கூடிப்போச்சு என்றார்கள். வெற்றிலையை விட்டார். புண் விடவில்லை. மாதக் கணக்கில் அப்படியே இருந்து, பிறகுதான் நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளங்கள் வந்தன. கொப்புளத்தைக் கண்டதும் அம்மாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வாய்ப்புண்ணை எல்லோரும் மறந்துபோனார்கள்.

எனக்கு வந்தது காய்ச்சலோடு வந்தது, அரித்துக் கடித்தது, காய்ந்து பொருக்காகி உதிர்ந்தது. சின்னம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. கடிக்கவில்லை, எரிந்தது. கொப்புளங்கள் தொளதொளவென்று பெரிதாகி, உடைந்து, உடைந்த இடம் ஆறாமல் பச்சை இறைச்சியாகக் கிடந்தது. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் போட்டு முதல் தண்ணீர் வார்த்தபோது, துடைத்த துவாய் பட்ட இடமெல்லாம் தோல் கூடவே வந்தது.

“அம்மாளாச்சி கோவிச்சிட்டா,” என்று அம்மா அழுதார். கோயிலுக்குப் பொங்கல் நேர்ந்தார். குற்றம் எங்கே என்று தேடியதில், தாளிதம் போட்ட பக்கத்து வீட்டு வாசனைகூட வழக்குக்கு வந்தது. சின்னம்மா கஞ்சியையும் விழுங்கமுடியாமல் வற்றிக்கொண்டே போனார். படலையில் வேப்பிலை தொங்கியதால் ஒருவரும் உள்ளே வரவில்லை. அது மரியாதை. அந்த மரியாதையால்தான் அவர் கிட்டத்தட்டச் சாகப்பார்த்தார்.

சித்தப்பா அப்போது சோளகக் காற்றுக் காலத்து மீன்பிடிக்கு முல்லைத்தீவுப் பக்கம் போய், கரையில் ஓலை வாடி போட்டு மற்றவர்களோடு தங்கியிருந்தார். யாரோ சொல்லி அனுப்ப, ஒருநாள் மத்தியானம் உப்பு உடுப்போடு வந்து நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் சின்னம்மா அவரை ஒரு பிடி பிடிப்பார். அன்று வாயைத் திறக்க முடியாமல் கண்ணால் மட்டும் பார்த்தார். பெண்சாதி ஏசாததைக் கண்டு சித்தப்பா பயந்துபோனார். நேரே படலைக்குப் போய் வேப்பிலையை அவிழ்த்தார்.

“ஐயோ, என்ன செய்யிறியள்! அம்மாளோடை விளையாடாதையுங்கோ!” என்று அம்மா கத்தினார்.

“அம்மாள் வந்தா போற நேரத்துக்குப் போவா, மச்சாள். ஒரு வீட்டிலை இவ்வளவு நாள் குந்தியிருக்கமாட்டா. உது வேறை ஆரோ,” என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு அந்த இலையை எறியவும் மனம் வராமல், கிணற்றடி வேம்பின் கீழே வைத்துக் கும்பிட்டார். “கோவமெண்டா என்னோடை கோவியணை தாயே. அவளை விட்டிடு.”

இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. கடலுக்குப் போகிற ஒருவர் அம்மாளிடம் அப்படிக் கதைக்கிறது சின்ன விசயமில்லை.

ஒஸ்ரின் கார் ஒன்று பிடித்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சாய்ந்தால் முதுகு ஒட்டிப்போகும் என்று சின்னம்மா வழி முழுக்க நிமிர்ந்தே இருந்தார். பருத்தித்துறை வீதியின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையை இறுக்கிப் பிடித்தார். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்றால், அவரால் கதைக்க முடியாததை எடுத்துச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் மெலிந்த, கண்ணாடி போட்ட ஒரு டொக்டர் வந்து பார்த்தார். பின்னால் இளம் டொக்டர்மார் சிலர்.

“கடிச்சதோ, எரிஞ்சதோ?”

“எரிஞ்சது,” என்றேன் நான்.

“முதல் வாயிலையோ, மேலிலையோ?”

“வாயிலை. சுண்ணாம்பு கூடிப்போச்சு எண்டவை.”

அவர் தலையாட்டினார். பிறகு செய்த காரியம்தான் எனக்கு அடுக்கவில்லை. கொப்புளமே இல்லாத, நல்லாயிருந்த தோலில் பெருவிரலை வைத்து மெதுவாக ஒரு பக்கம் தேய்த்தார். ஆறின பாலில் ஆடை நகர்வதுபோல மேல்தோல் வழுகிக்கொண்டு போனது. சின்னம்மா முனகினார். நான் டொக்டரின் கையில் ஓங்கி ஒரு அடி போட்டேன். “ஏய்!” என்றார் பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி. டொக்டர் சிரித்துவிட்டு இளம் டொக்டர்மாரிடம் திரும்பி, பெம்பிகஸ் என்றார். ஏதோ தொலைத்த பொருளைக் கண்டெடுத்தவர்போல அவர் முகம் தெளிந்திருந்தது. என் சின்னம்மாவின் தோலை உரித்துவிட்டுச் சந்தோசப்படுகிற பிசாசு என்று அன்றே அவரோடு கோபம் போட்டுக்கொண்டேன்.

சித்தப்பாவிடம் அவர் ஆறுதலாகச் சொன்னார். “உது அம்மாள் இல்லை. ஆருக்கும் தொத்தாது. அவவின்ரை உடம்பு தன்ரை தோலையே பிறத்தி ஆள் எண்டு நினைச்சுக் கழட்டிவிடப் பாக்குது. முந்தியெண்டா நான் உங்களுக்கு வேறை கதைதான் சொல்லியிருப்பன். இப்ப குளிசை மருந்து இருக்கு. பாப்பம்.”

ஊரோடெல்லாம் சண்டை பிடித்து முடிந்து, சின்னம்மா கடைசியில் தன்னோடேயே சண்டைக்குப் போய்விட்டார் என்று நான் விளங்கிக்கொண்டேன். சித்தப்பா வெளியே போய்ப் பைப்படியில் முகம் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே நின்றார். அவ்வளவு ஊத்தையா என்று நினைத்தேன்.

புதுக் கொப்புளத்தின் ஓரத்தில் துளித் தோல் வெட்டி, சின்னப் போத்தலில் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மறுமொழி வரும்வரை அந்த டொக்டர் காத்திருக்கவில்லை. அன்றே குளிசை தொடங்கினார். காலைச் சாப்பாட்டோடு உள்ளங்கை நிறைய வெள்ளைக் குளிசைகள். விரிப்பில் புண் ஒட்டாமலிருக்க வாழையிலை கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா ஒவ்வொரு விடியலிலும் குருத்திலையாகப் பார்த்து வெட்டிக் கழுவித் துடைத்துக் கட்டித் தந்தார். கோயிலுக்குக் கட்டுவதுபோல அவ்வளவு பத்திரமாகக் கட்டியிருப்பார். சித்தப்பாவும் நானும் முதல் பஸ்ஸில் அந்தக் கட்டோடு ஏறினால் கொண்டக்டர் தினமும், “இண்டைக்கு எங்கை கலியாணம்?” என்பார்.

பிள்ளைகளை ஆஸ்பத்திரி வாட்டில் நிற்க விடமாட்டார்கள். ஆனால் சின்னம்மா என் கையால் தவிர வேறு யார் கையாலும் குடிக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தபடியால் மிஸ்ஸி என்னைக் காணாததுபோல இருந்துவிட்டார். பகலில் நான், இரவில் சித்தப்பாவின் தமக்கை. புதுக் கொப்புளங்கள் மெல்ல நின்றன. பழைய இடங்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி மூடிக்கொண்டு வந்தன. ஒருநாள் கஞ்சி சூடு என்று சின்னம்மா என்னை, “மூதேவி, ஊதித் தாவன்!” என்று ஏசினார். நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

குளிசையால் பசி கிளம்பியது. முகம் பூசணிக்காயாக உருண்டது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், உப்புக்காற்றிலேயே வளர்ந்த மனிசியிடம்! சுகமென்று கண்டதும் குளிசையை நிப்பாட்டக் கூடாது, தான் சொல்லச் சொல்லத்தான் குறைக்கவேண்டும் என்று டொக்டர் ஒவ்வொரு நாளும் வந்து சொல்லுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த மனிதரின் பெருவிரலால்தான் சின்னம்மா பிறகு என் பிள்ளைகளையும் ஏசி வளர்க்கும்வரை இருந்தார். பேர்கூடத் தெரியாது. எங்கிருந்தாலும் அவர் நல்லாயிருக்கவேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் குருநகர் மனிசி ஒருவர் இருந்தார். சின்னம்மாவை விட வயசு கூட. அதே கொப்புள வருத்தம்தான். ஆனால் வீட்டில் எண்ணெய் பூசிப் பூசிப் பார்த்து, மிகவும் பிந்தி வந்தவர். கழுத்தில் செபமாலை பட்டால் நோகும் என்று அதைக் கையில் சுற்றி வைத்திருப்பார். என்னைச் “சின்ன மிஸ்ஸி” என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மகனும் விடியவே சைக்கிளில் வாழையிலைக் கட்டோடு வருவார். கடைசி நாட்களில் அவருக்குக் காய்ச்சல் காய்ந்தது. நான் விசிறினால் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார்.

ஒரு காலை நான் போனபோது அந்தக் கட்டில் வெறுமையாக இருந்தது. விரிப்புக்கூட மாற்றியாகிவிட்டது. சுகமானவர்களுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அப்படித்தான் மாற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் மகன் இலைக்கட்டோடு வந்தார். வாசலில் மிஸ்ஸி அவரோடு மெதுவாகக் கதைத்தார். அவர் கட்டைப் பிடித்தபடி கனநேரம் நின்றுவிட்டு, எங்கள் கட்டிலடிக்கு வந்தார்.

“அண்ணை, உங்கடை அம்மாவுக்குத் துண்டு வெட்டி வீட்டை விட்டிட்டினம்!” என்றேன் நான். “எங்களுக்கு இன்னும் வெட்டேல்லை. கேட்டாலும் வெட்டமாட்டினமாம்.”

அவர் என் தலையில் கையை வைத்தார். “ஓம் பிள்ளை. உதைச் சின்னம்மாவுக்கு விரிச்சுவிடு,” என்று கட்டைத் தந்துவிட்டுப் போனார்.

எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் சின்னம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் என்னைப்போலப் பொறாமைதான் என்று நினைத்தேன். இலைகளை விரித்துவிட்டு, டொக்டர் வந்ததும் அதுவரை போட்டிருந்த கோபத்தையும் விட்டு, நானே வாய் திறந்து கேட்டேன்.

“அவவை மட்டும் விட்டிட்டியள். எங்கடை சின்னம்மாவை ஏன் வைச்சிருக்கிறியள்?”

அவர் கட்டிலடியில் குனிந்தார். சின்னம்மாவின் முதுகில் ஆறிவந்த தோலை விரலால் தொட்டுப் பார்த்தார். அது நகரவில்லை. “உங்கடை சின்னம்மா பிந்திப் போகட்டும், பிள்ளை,” என்றார்.

நான் அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.